கலையை வளர்த்தவர் யார்?

“மன்னர் கலையை வளர்த்தார்.” நமது சரித்திரப் பாடநூல்களில் இந்த வாக்கியத்தைப் போல் அடிக்கடி வருவது பிறிதொன்றில்லை. மன்னனின் பெயர் மாறும், ஆண்டு மாறும், வாக்கியம் மாறாது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார், மாணவர் கொப்பியில் எழுதிக்கொள்கின்றனர், பரீட்சைத் தாளில் அதுவே திரும்பி வருகிறது, புள்ளியும் கிடைத்துவிடுகிறது. வளர்த்தவன் மன்னன் என்றால் உளி பிடித்தவன் என்ன செய்தான், உலை ஊதியவன் என்ன செய்தான், களிமண் குழைத்தவள் என்ன செய்தாள் என்று கேட்பாரில்லை. தானே முளைத்த செடியாகக் கலையும், அதற்குக் குடம் குடமாக நீர் வார்த்த வள்ளலாக மன்னனும் நம் பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிடுகின்றனர்.

இந்த வாக்கியம் பொய் என்பதே நமது வாதம். செய்தவனை மறைத்து, செய்த பொருளை எடுத்துக்கொண்டவனைப் புரவலனாக்கும் பொய் இது. நேற்று அரண்மனைக்குப் பயன்பட்டது; இன்று சாதிக்கும் இனவாதத்துக்கும் பயன்படுகிறது. ஆதலால் இதனை ஏட்டுச் சர்ச்சை என்று தள்ளிவிட நம்மால் இயலாது. கரும்பலகையின் முன் நிற்போரும் எதிரே அமர்ந்திருப்போரும் இதற்கு விடை சொல்லியே தீரவேண்டும்.

நம் வாசலிலிருந்தே தொடங்குவோம். நாவலப்பிட்டியிலிருந்து கம்பளையைக் கடந்து கண்டியை நோக்கிச் சென்றால் உடுநுவரைப் பிரதேசம் வரும். அங்கே கம்பளை இராச்சியக் காலத்துப் புகழ்பெற்ற கட்டடங்கள் மூன்று நிற்கின்றன: கடலாதெனிய விகாரை, லங்காதிலக விகாரை, எம்பெக்கே தேவாலயம். முதல் இரண்டும் 1344ஆம் ஆண்டில், நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில் எழுந்தவை. மூன்றாவது, மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தது என்பர். அதன் மரத்தூண்களில் மற்போர் செய்வோரும், பின்னிப் பிணைந்த அன்னங்களும், இரட்டைத்தலைக் கழுகும், குழந்தைக்குப் பாலூட்டும் தாயும் செதுக்கப்பட்டிருப்பதைக் காண நாள்தோறும் உல்லாசப் பயணிகள் வருகின்றனர்.

இவற்றைக் கட்டியோரின் பெயர்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவர ஆசாரி. லங்காதிலகத்தைக் கட்டியவர் தபதிராயர். எம்பெக்கேயின் தூண்களைச் செதுக்கியவர் தெல்மட மூலாசாரி என்று வாய்வழி மரபு கூறுகிறது. லங்காதிலகத்தின் பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தனையும் இருந்தும் நமது மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். மன்னனின் பெயரைச் சொல்வார்கள், சிற்பியின் பெயரைச் சொல்லமாட்டார்கள். கல்லிலும் மரபிலும் நிலைத்த பெயரைப் பாடநூல் உதிர்த்துவிட்டது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. கணேசுவர ஆசாரியும் தபதிராயரும் தென்னிந்தியச் சிற்ப மரபில் வந்தவர்கள் என்று ஆய்வாளர் கூறியதும் நம்மவர் சிலர், “தமிழன் கட்டினான்!” என்று மார்தட்டக் கிளம்புகின்றனர். எதிர்ப்பக்கத்தில் வேறு சிலர் அந்தச் செய்தியையே மூடி மறைக்க முயல்கின்றனர். இரு திறத்தாரும் செய்வது ஒரே காரியம். அன்று மன்னன் கைக்கொண்ட பெருமையை இன்று இனத்தின் பெயரால் கைக்கொள்ளப் பார்க்கின்றனர். அந்தச் சிற்பி என்ன கூலி பெற்றான், அவன்கீழ்க் கல் சுமந்தோர் யார், வேலையை விட்டுப் போக அவர்களுக்கு உரிமை இருந்ததா என்ற கேள்விகள் இவ்விரு முகாம்களிலும் எழுவதில்லை. மார்தட்டும் கை உளி பிடிக்கும் கையன்று.

அரசைக் கலையின் தாயாகக் காட்டும் இந்தக் கதை நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதுமன்று. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே பல்லவி பாடப்பட்டது. அங்கே மன்னனின் இடத்தில் உரோமப் பேரரசு இருந்தது. பிரித்தானியாவிலும் ரைன், தானியூப் நதிக்கரைகளிலும் வாழ்ந்த ‘காட்டுமிராண்டி’களுக்கு மட்கலமும் செங்கல்லும் குளியல் மண்டபமும் தந்து நாகரிகம் புகட்டியது உரோமே என்று அந்நாட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். அந்தப் பாடத்தைப் படித்து வளர்ந்த ஆங்கிலேயர், தம்மைப் புதிய உரோமராக எண்ணிக்கொண்டு கண்டி மலைகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆகவே அந்தப் பழைய பேரரசின் எல்லைப்புறத்தைச் சற்றுத் தோண்டிப் பார்ப்பது நமக்கும் பயன்தரும். அங்கே மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த சான்றுகள் பாடநூலுக்கு மாறாகவே பேசுகின்றன.

இன்றைய பிரான்சின் தெற்கே, மியோ நகருக்கு அருகில் லா கிறாபெசாங்க் என்ற குயவர் குடியிருப்பு இருந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் பளபளக்கும் செந்நிறக் கலங்கள் அங்கே வனையப்பட்டன. ஒரே சூளையில் பல குயவரின் கலங்கள் சேர்த்துச் சுடப்பட்டமையால், யாருடையவை எத்தனை என்பதை ஓடுகளில் கீறி வைத்தார்கள். அக்கணக்கோடுகள் நூற்றுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. ஒரு தடவையில் ஏறக்குறைய 30,000 கலங்கள் வரை சுடப்பட்டன என்று அவை காட்டுகின்றன. அவற்றின் மொழியைக் கவனியுங்கள்: இலத்தீன் எழுத்து, சொற்களிலோ வெல்லப்பட்ட கோல் மக்களின் தாய்மொழியும் கலந்திருக்கிறது. சூளைகளை அவர்கள் எண்ணியதும் தமது மொழியிலேதான். கலங்களின் அடியில் குயவர் தம் பெயரை முத்திரையாகவும் பதித்தனர்.

அக்கலங்கள் ரைன் நதிப் பாசறைகளுக்கும் பிரித்தானியாவுக்கும் சென்றன. இத்தாலிக்கும் சென்றன! கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரில், இன்னும் பிரித்து அடுக்கப்படாத பெட்டியொன்றில் இக்குயவரின் கிண்ணங்கள் 90 கிடைத்தன. நாகரிகம் தந்ததாகச் சொல்லப்படும் தாயகம், அதனைப் பெற்றதாகச் சொல்லப்படும் மாகாணத்தில் வனைந்த கிண்ணத்தில் உண்டது. கொடுத்தவர் யார்? பெற்றவர் யார்?

ஆயினும் அக்குயவர் வாழ்வைப் பொற்காலமாக வருணிக்க நாம் முன்வரவில்லை. அதே குடியிருப்பில் அடிமைகளின் வேலை நாள்களைக் குறித்த ஓடும் கிடைத்துள்ளது. முத்திரையில் பெயர் இருந்தவனுக்கும் அவன்கீழ் மண் சுமந்தவனுக்கும் இடையே வர்க்க பேதம் இருக்கவே செய்தது. பிரித்தானியாவின் வட எல்லையில் விந்தொலாந்தா என்ற பாசறையில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரப்பலகைக் கடிதங்கள் இன்னொரு காட்சியைத் தருகின்றன. ஒரு பலகை, ஒருநாள் பட்டறைகளில் வேலை செய்தோர் 343 பேர் என்று கணக்கிடுகிறது: சப்பாத்துத் தைப்போர் 12 பேர், குளியல் மண்டபம் கட்டுவோர் 18 பேர், ஈய வேலை, சூளை வேலை, களிமண் வேலை என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பாசறையில் இருந்த படைப்பிரிவினர் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட பதாவியரும் துங்கிரியரும் ஆவர். வெல்லப்பட்ட ஒரு மக்களின் கையைக் கொண்டு வெல்லப்பட்ட இன்னொரு மக்களின் நிலத்தில் எழுப்பியதற்கே ‘உரோமக் கட்டடம்’ என்று பெயர்.

அடுத்த கட்டம் இன்னும் முக்கியமானது. மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் பேரரசு நெருக்கடியில் சிக்கியது. எல்லைப் படைக்கு ஆயுதம் வேண்டும்; சந்தையை நம்பியிருக்க முடியாது. அரசே ஆயுதப் பட்டறைகளை நிறுவியது. தானியூப் நதிக்கரையில் கார்னுந்தும், அக்குயிங்கும், லவுரியாக்கும் போன்ற ஊர்களில் அவை இயங்கின. இதுதான் ‘அரச ஆதரவு’. அதன் உண்மையான உருவம் என்ன? கி.பி. 398இல் அர்க்காடியசு, ஹொனோரியசு என்ற பேரரசர்களின் பெயரால் ஒரு சட்டம் பிறந்தது. ஆயுதப் பட்டறைத் தொழிலாளரின் கையில் சூட்டுக்குறி இடவேண்டும். ஓடி ஒளிந்தால் அடையாளம் காண்பதற்காக! அவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களும் சாகும்வரை அத்தொழிலிலேயே கிடக்க வேண்டுமென 5ஆம் நூற்றாண்டுச் சட்டம் உறுதிசெய்தது. முதலாம் நூற்றாண்டில் கைவினைஞன் கலத்தின்மேல் தன் பெயரைப் பதித்தான். நான்காம் நூற்றாண்டின் முடிவில் அரசு கைவினைஞனின்மேல் தன் குறியைப் பதித்தது. அரசு ஒருவனுடைய தலையாய வாடிக்கைக்காரனாகவும் அவனுடைய எசமானாகவும் ஒருங்கே ஆகும்போது நேர்வது இதுவே.

இனி நம் பக்கம் திரும்புவோம். புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மோட்டிமர் வீலர் அங்கே இத்தாலிய மட்கலங்களைக் கண்டார். உடனே அந்த ஊர் ‘இந்திய – உரோம வணிகத் தளம்’ ஆகிவிட்டது. சில்லுருட்டிக் கோலமிட்ட மட்கலங்கள் அங்கும் இலங்கையிலும் பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றின் நுட்பமும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்ததென்றே அவர் கொண்டார். பின்னர் வந்தவர்கள் களிமண்ணையே சோதித்தனர். அவ்வகைக் கலங்கள் இந்திய மண்ணில் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மீண்டும் நடந்த அகழ்வு, உரோம வாணிகத்துக்கு முன்னரே அங்கு மக்கள் குடியிருந்து தொழில் செய்தனர் என்று காட்டியது. கண்ணாடி மணியும் கல்மணியும் அங்கேயே செய்யப்பட்டன. நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணலிலோ, இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணி தீட்டிய பட்டறைகளும், தமிழ் எழுத்தில் மனிதர் பெயர் கீறிய பானையோடுகளும் கிடைத்திருக்கின்றன. வாங்க வந்தவனின் பெயரை ஊருக்குச் சூட்டிவிட்டு, செய்து விற்றவனை ஊரிலிருந்தே நீக்கிவிடுவது சரித்திரமாகுமா?

நமது மலையகத்தின் தென் சரிவிலும் ஒரு சான்று உண்டு. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ பகுதியில் ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1990, 1991ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. துருத்தி ஊதாமல், தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கியிருக்கின்றனர். அவ்வாறே உலை கட்டி 1994இல் சோதித்தும் பார்த்தனர், உலோகம் உருவாயிற்று. 1996இல் அந்த ஆய்வு வெளியானபோது உலக உலோகவியலாளர் வியந்தனர். கிறித்து சகாப்தத்தின் முதலாயிரத்தைச் சேர்ந்த இத்தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்த மன்னன் யார்? எந்த மன்னனும் அல்லன். காற்று வரும் மாதத்தையும் மலையின் வளைவையும் தலைமுறை தலைமுறையாகக் கவனித்த உழைப்பாளி மக்களின் அறிவு அது. அரசவைப் புலவன் எவனும் அவர்களைப் பாடவில்லை. அதனால் நமது பாடநூலிலும் அவர்களுக்கு இடமில்லை. அந்த உலைகளிற் பல இன்று நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கின்றன.

இவ்வளவையும் கேட்ட பின்னர், “கண்டி இராச்சியத்தைப் பாருங்கள்; அங்கே கைவினைஞனுக்கு நிலம் கொடுத்து, பட்டம் கொடுத்து, மதித்து வைத்திருந்தார்களே!” என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்துக்கு மிகச் சிறந்த வழக்கறிஞராக அமைந்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராக இருந்த அவர், மலைநாட்டுக் கிராமங்களில் நடந்து திரிந்து, கைவினைஞர் அருகில் அமர்ந்து, அவர்களுடைய கருவிகளையும் கோலங்களையும் பதிவு செய்தார். பலாங்கொடைப் பக்கத்தில் இரும்பு உருக்கும் பழைய முறை அழியும் தறுவாயில் இருந்ததை நேரிற் கண்டு எழுதிவைத்தவரும் அவரே. 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற அவரது பெருநூலுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இதனைச் சொல்லத் தயங்குவது நன்றி கொன்ற செயலாகும்.

ஆனால் அந்த நூலின் மையக் கருத்தோடு நமக்கு உடன்பாடில்லை. இயந்திர முதலாளித்துவத்தின் அருவருப்பைக் கண்டு வெகுண்ட குமாரசுவாமி, அதற்கு மாற்றாகக் கண்டி நிலப்பிரபுத்துவத்தைக் காட்டினார். அங்கே கைவினைஞன் போட்டியின்றி, பசியின்றி, தன் பரம்பரைத் தொழிலில் அமைதியுற்று வாழ்ந்தான் என்றார். அந்த அமைதியின் அடித்தளத்தை நாம் பார்க்க வேண்டும்.

அந்த அடித்தளத்தின் பெயர் இராசகாரியம். நிலம் கைவினைஞனுக்குக் கிடைத்தது உண்மை. ஆனால் சேவைக்குக் கட்டுப்பட்ட நிலமாகவே கிடைத்தது. கொல்லர், தட்டார், தச்சர் முதலியோரின் சேவையைப் பெறுவதற்குக் ‘கொட்டல்பத்த’ என்ற தனி இலாகா இருந்தது. தேர்ந்த கைவினைஞர் ‘பட்டல் ஹதர’ எனப்பட்ட அரண்மனையின் நான்கு பட்டறைகளுக்கு எடுக்கப்பட்டனர். எவனுக்கு எந்த நிலம், அதற்காக அவன் செய்யவேண்டிய ஊழியம் எது என்பன ‘லேகம் மிட்டி’ என்னும் ஏடுகளில் பதியப்பட்டன. கொல்லன் நிலக்காரனுக்குக் கத்தியும் பாக்குவெட்டியும் அடித்துக் கொடுக்கவேண்டும். குயவன் சட்டியும் ஓடும் கொடுக்கவேண்டும். தொழிலோ சாதியால் விதிக்கப்பட்டது. கொல்லன் மகன் கொல்லன். பாய் பின்னுவோன் மகன் பாய் பின்னுவோன்.

1660 முதல் 1679 வரை கண்டியில் சிறைப்பட்டிருந்த ரொபட் நொக்ஸ், கிராமக் கொல்லன் முக்காலியில் கம்பீரமாக வீற்றிருப்பான் என்றும், வேலை கொண்டுவந்தவனே துருத்தி ஊதிச் சம்மட்டியும் அடிக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். கொல்லனுக்கு ஒரு மிடுக்கு இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஊருக்கு அவனது தேவை இருந்தது. ஆகவே ஊர் அவனுக்கு அடங்கிற்று. அந்த மிடுக்கு அவன் கைத்திறனால் வந்தது, மன்னன் கொடுத்த பிச்சையன்று. கொல்லனைவிடக் கீழே தள்ளப்பட்டவருக்கோ அதுவும் இல்லை. தும்பறையின் அழகிய பாய்களைப் பின்னிய கின்னரர் கண்டிச் சாதிப் படிநிலையின் ஏறத்தாழ அடித்தட்டில் வைக்கப்பட்டனர். அவர்கள் பின்னிய கோலம் உயர்ந்தது, பின்னிய கை தாழ்ந்தது! அந்தப் பாய்க்கலையை 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நாடே பெருமைப்பட்டது. அதைப் பின்னியோரை அவ்வளவு காலம் கீழே வைத்திருந்தமைக்காக நாடு வெட்கப்பட்டதா என்பதே நமது கேள்வி.

“மன்னராட்சி போனதும் கலையும் போயிற்றே, அது எப்படி?” என்று மறுபடியும் கேட்பர். நல்ல கேள்வி, விடையும் உண்டு. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோல்புறூக் விசாரணையைத் தொடர்ந்து 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது முன்னேற்றமே. ஆனால் யாருக்கு ஒழிந்தது? அரசுக்குச் செய்த ஊழியம் ஒழிந்தது. விகாரை, தேவாலய நிலங்களிலும் பிரபுக்களின் நிந்தகம நிலங்களிலும் ஊழியம் தொடர்ந்தது. 1870இல் வந்த சட்டம் அதனைப் பணமாக மாற்றிச் செலுத்த வழிசெய்ததேயன்றி முற்றாக ஒழிக்கவில்லை. நிந்தகம நிலங்களுக்கான தனிச்சட்டம் 1968இலேதான் வந்தது. சாதி முத்திரையோ எந்தச் சட்டத்தாலும் கழுவப்படவில்லை. மறுபுறத்தில் 1840இன் காணிச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கிக் கோப்பித் துரைமாருக்கு வழி திறந்தது. ஆங்கில ஆலைத்துணியும் இறக்குமதி இரும்பும் சந்தையை நிறைத்தன. கரிக்குக் காடில்லாத உலை எப்படி எரியும்? ஆலைத்துணியின் விலையோடு கைத்தறி எப்படி நிற்கும்? கைவினைஞனுக்குக் கிடைத்த சுதந்திரம், விலங்கின் ஒரு கண்ணியும் பட்டினியின் முழுச் சுமையுமாகக் கிடைத்தது. கலை அழிந்தது மன்னன் போனதனாலன்று, ஏகாதிபத்தியம் வந்ததனால். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, பழைய கொடுமைக்கு ஏங்கும்படி நம்மைப் பழக்குவதுதான் பிற்போக்காளரின் தந்திரம்.

நாவலப்பிட்டி என்ற நமது பட்டினமே அந்த ஏகாதிபத்திய காலத்தில் வளர்ந்ததுதானே! 1874இல் புகையிரதப் பாதை இங்கு வந்து சேர்ந்தது. மலை ஏறும் வண்டிகளுக்கான எஞ்சின் கொட்டகையும் இங்கு அமைந்தது. உரோமப் பாசறையைச் சுற்றிப் பட்டறைகள் முளைத்ததுபோல, தோட்டங்களையும் பாதையையும் சுற்றி நமது கடைவீதி முளைத்தது. ஆகவே உரோம எல்லைப்புறத்தைப் பற்றிய பாடத்தை நாம் வேறெங்கோ நடந்த கதையாகப் படிக்க வேண்டியதில்லை. நாமே ஒரு பேரரசின் எல்லைப்புறத்தில் பிறந்தவர்கள்.

அந்தப் பேரரசு இம்மலைகளில் செய்வித்த பெரும்பொருள் தேயிலை. 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். தொடக்கத்தில் அந்தத் தேயிலை இயந்திரத்தில் செய்யப்பட்டதன்று என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பங்களாத் தாழ்வாரத்தில் மேசைமேல் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அழுத்திக் கையாலேயே உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் இட்டு வாட்டினார்கள். உருட்டும் இயந்திரம் பின்னரே வந்தது. உலகெங்கும் புகழ்பெற்ற இலங்கைத் தேயிலை முதலில் ஒரு கைவினைப் பொருள். கொழுந்து எப்போது வாடிற்று, எப்போது புளித்தது, எப்போது நெருப்பிலிருந்து எடுக்கவேண்டும் என்று அறியும் மூக்கும் விரலும் அதனைச் செய்தன. டெய்லரின் பெயர் நிலைத்தது. உருட்டிய கைகளுக்குப் பெயரில்லை. கண்டிப் பட்டறையில் வேலை செய்தவனைப் பாடநூல் ‘கலைஞன்’ என்கிறது; தேயிலைத் தாழ்வாரத்தில் வேலை செய்தவனைக் ‘கூலி’ என்கிறது. திறனில் உள்ள வேறுபாட்டாலா இந்தப் பெயர் வேறுபாடு? ஒருவனை வைத்திருந்தவன் மன்னன், இன்னொருவனை வைத்திருந்தவன் துரை, வேறுபாடு அவ்வளவே.

தோட்டத்திலும் குறி இருந்தது. அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். கடன் தீர்ந்தது என்று எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்துத் தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1921இலேதான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. உரோமில் தோலின்மேல் சூடு. கண்டியில் ஏட்டின்மேல் பெயர். தோட்டத்தில் கையில் ஒரு காகிதத் துண்டு. உழைப்பாளி தன் கைத்திறனை எடுத்துக்கொண்டு தான் விரும்பிய இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதே மூன்றின் நோக்கமும். அந்தத் துண்டைத் தாங்கிய மக்களின் சந்ததியினர் 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டபோது, “இவர்கள் இந்நாட்டுக்கு என்ன செய்தார்கள்?” என்று கேட்கத் துணிந்தவர்கள் இருந்தார்கள். மன்னர் கலையை வளர்த்தார், துரை தேயிலையை வளர்த்தார் என்று பள்ளியில் கற்ற நாடு வேறு எப்படிக் கேட்கும்? பாடநூலில் செய்தவனின் பெயரை நீக்கினால், வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவனை நீக்குவது எளிதாகிறது. நாம் ஒரு வாக்கியத்தோடு இவ்வளவு மல்லுக்கட்டுவதன் காரணம் இதுவே.

ஆசிரிய நண்பர்களே, பாடநூலைத் திருத்தி எழுதும் அதிகாரம் நம்மிடம் இல்லாமலிருக்கலாம். வாக்கியத்தை விளக்கும் நா நம்மிடம் இருக்கிறது. ஒவ்வொரு கைவினைப் பொருளைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்க மாணவரைப் பழக்குவோம். இதைச் செய்தவர் யார்? எந்த நிபந்தனையின் கீழ்ச் செய்தார்? செய்ததை எடுத்துக்கொண்டவர் யார்? உடுநுவரைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது மன்னர் பட்டியலோடு கணேசுவர ஆசாரி, தபதிராயர் என்ற பெயர்களையும் கொப்பியில் எழுதச் சொல்வோம்.

மாணவத் தோழர்களே, உங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் கவ்வாத்துக் கத்திக்கு அலகு தீட்டும் கொல்லர், கூடை பின்னுவோர், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தின் வாசனையைக் கொண்டே பக்குவம் சொல்லும் முதியவர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்களிடம் சென்று அமருங்கள். கருவியின் பெயர் என்ன, யாரிடம் கற்றார், நாளொன்றுக்கு எவ்வளவு கிடைத்தது, எந்த வாசலுக்குள் அவரை விடவில்லை என்று கேட்டு எழுதுங்கள். லா கிறாபெசாங்கின் குயவர் உடைந்த ஓட்டில் கீறிய கணக்கு 1,900 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பேரரசின் தற்பெருமையைப் பொய்யாக்குகிறது. உங்கள் கொப்பியில் எழுதப்படும் கணக்கும் அத்தகையதே.

மன்னர் கலையை வளர்க்கவில்லை. கலை மன்னரை வளர்த்தது. அவருக்கு மாளிகையும் மணிமுடியும் புகழும் கொடுத்தது. அக்கலையை வளர்த்தவை உழைக்கும் கைகள். பரீட்சைத் தாளில் இந்த விடைக்கு இன்று புள்ளி கிடைக்காமற் போகலாம். ஆயினும் இதுவே சரியான விடை. இதனைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பிலிருந்து நாம் விலகமாட்டோம்.